மையச் செயலகமும் ஐடி பிளாக்கும்: கணினிக் கலைச்சொற்கள் குறித்துச் சில விசாரணைகள்

1

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 'சிபியூ' என்பதற்கு 'மையச் செயலகம்' என்று தமிழ் தரப்பட்டிருக்கிறது. இலக்கணப்படி இதில் குறையில்லை. செயல் நடக்கும் அகம், அதுவும் மையத்தில் இருக்கும் அகம். ஆனால் செயலகம் என்றால் நம் சனங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். அது கோட்டை, மனுவைக் கையில வச்சிக்கினு வெயில்ல நிக்கிற எடம். அங்கே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. முடிவு மட்டும் வெளியே வரும்.

சின்னஞ்சிறு சில்லு ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது மனசுக்கு முதலில் வந்த உருவகம் அரசாங்கக் கட்டடமாக இருந்திருக்கிறது. மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் போய்க் கேட்டால் 'சிபியூ' என்று காட்டுவது சில்லை அல்ல, மொத்தப் பொட்டியை. பாடநூல் சில்லைச் சொல்கிறது, கடை பொட்டியைச் சொல்கிறது. பரீட்சை எழுதும் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதை மொழிபெயர்ப்புக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. கலைச்சொல் என்பது ஒரு பொருளுக்கான பெயர் மட்டுமல்ல. அந்தப் பொருளோடு யார் எந்த உறவில் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடும்கூட. கட்டளை, அனுமதி, நிர்வாகி, மேலாண்மை, அணுகல் உரிமை. இந்தச் சொற்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். தாலுகா ஆபீசுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறதா இல்லையா? ஆங்கில மூலத்திலேயே அப்படித்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே 'எஜமான்–அடிமை' என்றே ஒரு சொல்லிணை பல காலம் புழங்கியது. ஆனால் அங்கு அதைப் பற்றிச் சண்டை நடந்தது. பைத்தான் நிரல்மொழியைப் பராமரிப்பவர்கள் 2018இல் அந்தச் சொற்களைத் தம் ஆவணங்களிலிருந்து நீக்கினார்கள். 2020இல் கிட்ஹப் நிறுவனம் புதிய களஞ்சியங்களின் முதல் கிளைக்கு இருந்த 'மாஸ்டர்' என்ற பெயரை 'மெயின்' என்று மாற்றியது. சொல் மாறினால் ஆதிக்கம் போய்விடுமா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. எழுந்தது என்பதுதான் முக்கியம். நம்மிடம் எழுவது வேறு கேள்வி: இது தூய தமிழா, கலப்புத் தமிழா?

2

இந்தக் கேள்விக்கு நூறாண்டு வயது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் வேலையைக் கையிலெடுத்துத் தொகுப்பு வெளியிட்டது. 1940இல் மாகாண அரசு சீனிவாச சாஸ்திரி தலைமையில் குழு அமைத்தபோது, வடமொழிச் சொற்களே வந்து குவியும் என்று பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த எதிர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது வேர்ச்சொல் சண்டை மட்டுமல்ல. அறிவு யாருடைய சொத்து என்ற சண்டை. பார்ப்பனிய மேலாண்மைக்கு எதிரான அரசியல் அதற்குள் இருந்தது.

ஆனால் சண்டை போட்ட இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் உடன்பாடு இருந்தது. சொல் மேலே உண்டாகி, கீழே இறங்க வேண்டும் என்பதே அது. பண்டிதரா, சாஸ்திரியா என்பதில்தான் வேறுபாடு. பெரம்பூர் மில்லில் மிஷின் ஓட்டியவரிடம், ராயபுரத்தில் படகு கட்டியவரிடம், ஒரு பொருளுக்கு 'நீங்க இன்னா பேர் வச்சிருக்கீங்க' என்று கேட்கும் பழக்கம் இந்த மரபில் வேர்விடவில்லை.

இதற்கு மாறான ஒரு பழைய உதாரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் 1860களில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். மிஷனின் உள்நோக்கம், காலனியச் சூழல் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் அங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. சொல் வகுப்பறையிலும் நோயாளியின் படுக்கையருகிலும் சோதிக்கப்பட்டது. மாணவனுக்குப் புரியாத சொல், நோயாளியிடம் சொல்ல வராத சொல், அந்த இடத்திலேயே தோற்றுப்போகும். குழு அறையில் உண்டாகும் சொல்லுக்குத் தோற்றுப்போகும் வாய்ப்பே கிடையாது. அகராதியில் ஏறிவிட்டால் போதும், ஆயுசு முழுக்க உட்கார்ந்திருக்கலாம்.

கணினியின் கதையும் இப்படித்தான். தமிழ்நாட்டில் கணிப்பொறி, பிறகு கணினி. இலங்கையில் கணனியும் கணினியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி விசைப்பலகையும் குறியாக்கமும் தரப்படுத்தப்பட்டன. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் 'புகுபதிகை', 'விடுபதிகை' என்று எழுதி, அது சரியா என்று வெளிப்படையாக விவாதித்தார்கள். இந்த உழைப்பு இல்லையென்றால் இன்றைக்கு நான் தமிழில் தட்டச்சு செய்ய முடியாது. ஆகவே என் விமர்சனம் இவர்களைக் கிண்டல் செய்வதற்கல்ல. இவ்வளவு செய்த பிறகும் சடையங்குப்பத்தில் ஒரு பொம்பளை இ-சேவை மையத்து வாசலில் நின்று, 'நம்பர் வந்துச்சா பாரும்மா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறாரே, அது ஏன் என்று கேட்பதற்கு.

3

நான் இருப்பது சடையங்குப்பத்தில். ஒரு பக்கம் மணலித் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு, தாண்டினால் எண்ணூர்க் கழிமுகமும் துறைமுகங்களும். இங்கிருந்து பார்க்கும்போது கணினிச் சொற்களில் ஒரு விசேஷம் தெரிகிறது. அவற்றில் பல கடல்காரர்களின் சொற்கள்.

'லாக் இன்' என்கிறோமே, அந்த 'லாக்' என்பது மரக்கட்டை. முடிச்சுப்போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணித்தார்கள். அதை எழுதிவைத்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. அந்த ஏட்டிலிருந்துதான் கணினியில் பதிவது, நுழைவது எல்லாம் வந்தன. 'சைபர்' என்று எதற்கெடுத்தாலும் முன்னால் ஒட்டுகிறோம். 1948இல் நோர்பர்ட் வீனர் 'சைபர்னெட்டிக்ஸ்' என்று தன் துறைக்குப் பெயரிட்டபோது எடுத்துக்கொண்டது சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை. இன்று மென்பொருளைக் 'கண்டெய்னர்'களில் அடைத்து அனுப்புகிறார்கள். அதைச் செய்யும் கருவிக்குப் பெயர் 'டாக்கர்', அதாவது கப்பல்துறைத் தொழிலாளி. அவற்றை மேய்க்கும் இன்னொரு கருவியான 'குபர்நெட்டீஸ்' மறுபடியும் அதே சுக்கான்காரன்தான்.

சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல், காட்டுப்பள்ளி அதற்குப் பிறகு. எங்கள் ரோடுகளில் ராத்திரி பகலாகக் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பொட்டியை ஏற்றுவது, இறக்குவது, முத்திரை பார்ப்பது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதை நகர்த்துவது: இதெல்லாம் தெரிந்த ஆயிரக்கணக்கான பேர் இங்கே இருக்கிறார்கள். 'ஸ்டேக்', 'க்யூ', 'லோடு' போன்ற தரவமைப்புப் பாடத்தின் பாதி இவர்கள் உடம்பில் இருக்கிறது. ஆனால் இவர்களின் பிள்ளை படிக்கும் புத்தகத்துக்கும் இவர்களின் கைக்கும் நடுவே சொல்லால் ஒரு பாலம் போடப்படவில்லை. ஆங்கிலத்தில் தொழிலாளியின் சொல் விஞ்ஞானத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாம் அதைத் தமிழாக்கும்போது தொழிலாளியை இறக்கிவிட்டுச் செயலகத்தை ஏற்றிக்கொண்டோம்.

தூய்மை பேசுவோருக்கு ஒரு சங்கதி. 'சுக்கான்' அரபியிலிருந்து வந்தது. 'நங்கூரம்' பாரசீகத்திலிருந்து. காசிமேட்டில் எவருக்கும் அவை அந்நியச் சொற்களல்ல. கை பிடித்துப் பிடித்து அவற்றின் முனை மழுங்கிவிட்டது. சொல்லின் பிறப்பை விட அது யார் கையில் கிடந்தது என்பதுதான் அதைத் தமிழாக்குகிறது.

4

இனி 'மின்கற்றல்' சொல்லாடலுக்கு வருவோம். மெய்நிகர் வகுப்பறை, கலப்புக் கற்றல், கற்றல் மேலாண்மை அமைப்பு, பதிவேற்றம், பதிவிறக்கம். இதில் 'மெய்நிகர்' என்பது நல்ல சொல்லாக்கம் என்று பாராட்டப்படுகிறது. எனக்கும் அதன் ஓசை பிடிக்கும். ஆனால் தமிழில் மெய் என்றால் உண்மை; மெய் என்றால் உடம்பும்தான். உடம்புக்கு நிகரானது எது?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றரை வருசத்துக்கு மேல். 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்டிருந்த சதுரக் குறியீட்டைப் போனில் காட்டினால் காணொளி வரும் என்றார்கள். போன் ஒன்று, அதுவும் அப்பன் வேலைக்குப் போகும்போது எடுத்துப்போவது. சத்துணவு முட்டை மெய்நிகர் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து காப்பியடிக்கும் சிநேகிதன் மெய்நிகர் ஆகமாட்டான். டீச்சர் தோளைத் தட்டுவதும், சில நேரம் சாதி கேட்டு ஒதுக்குவதும்கூட உடம்பில் நடப்பவைதான். உடம்பை எடுத்துவிட்டு 'நிகர்' என்று சொன்னவுடன், எடுக்கப்பட்டது எது என்ற கணக்கு மறைந்துபோகிறது.

பள்ளி திறந்த அதே நவம்பரில் பூண்டி உபரிநீர் கொசஸ்தலையில் வந்து சடையங்குப்பம், பர்மா நகர்ப் பக்கமெல்லாம் சூழ்ந்தது. 'மேகக் கணிமை' என்ற சொல்லை அந்த வாரம் இங்கே யாரிடமாவது சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். மேகம் என்றால் எங்களுக்குப் பொட்டிபடுக்கையைப் பரணில் ஏற்றுவது. கணினித் துறையில் அது கனமில்லாத, அழுக்கில்லாத, எங்கோ மிதக்கிற ஒன்று. ஆனால் அந்த மேகம் உண்மையில் தரையில் இருக்கும் சேவையகக் கட்டடங்கள். அவை குடிப்பது கரண்ட். கரண்டில் ஒரு பங்கு அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரித்து வருகிறது. அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, மீனும் இறாலும் போன கதையை எண்ணூர் மீனவர்கள் பல வருசமாகச் சொல்லிவருகிறார்கள். 'மேகம்' என்ற உருவகம் சாம்பலை மறைக்கிறது. ஆங்கிலத்திலும் மறைக்கிறது. தமிழாக்கம் அந்த மறைப்பையும் சேர்த்தே இறக்குமதி செய்திருக்கிறது.

5

என் பார்வையில் மிக ஆபத்தான சொல் இன்னொன்று: 'நெறிமுறை'. பாடநூலில் அல்காரிதத்துக்கு இதுதான் தமிழ். பன்னிரண்டாம் வகுப்பில் 'நெறிமுறையின் யுக்திகள்' என்று ஒரு பாடமே இருக்கிறது. வலையமைப்பு பற்றிய எழுத்துகளில் புரோட்டோகாலுக்கும் நெறிமுறை என்கிறார்கள். மருத்துவ நெறிமுறை, பத்திரிகை நெறிமுறை என்று அறம் சார்ந்தும் எழுதுகிறோம். கணக்குப் போடும் வழி, பேசிக்கொள்ளும் ஒழுங்கு, அறம் மூன்றும் ஒரே சொல்லுக்குள். அல்காரிதம் என்பது ஒன்பதாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அதில் நெறியும் இல்லை, அநெறியும் இல்லை.

எங்கள் தெருவில் சோறு டெலிவரி செய்யும் தம்பி ஒருவன் போன மழைக்காலத்தில் சொன்னான்: "ஐடி பிளாக் ஆயிடுச்சுண்ணா." ஏன்டா? "தெர்ல. தண்ணில போவ முடியலன்னு ரெண்டு ஆர்டர் உட்டேன். காலைல பார்த்தா ஆப் தொறக்கல." யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் பதில் சொல்வதும் மிஷின்தான். அகராதியைப் பார்த்தால் 'பிளாக்' என்பதற்குத் தடு, முடக்கு என்று இருக்கும். கணக்கு முடக்கப்பட்டது. தொழில்நுட்பக் கோளாறு மாதிரி, கரண்ட் போன மாதிரி ஒரு வாக்கியம். செய்தவன் இல்லாத செயப்பாட்டுவினை.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. பணிநீக்கம். கடிதம் கொடுக்காத, விசாரணை நடத்தாத, காரணம் சொல்லாத பணிநீக்கம். நிறுவனம் அவனைத் தொழிலாளி என்றே ஒத்துக்கொள்ளாமல் 'பார்ட்னர்' என்கிறது. ஆகவே நீக்கமும் இல்லை, முடக்கம்தான். அந்த முடக்கத்தைத் தீர்மானித்தது எதுவென்றால் 'நெறிமுறை'. பாடநூல் தமிழும் கம்பெனித் தமிழும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. வேலை பறிபோனவன் நெறி தவறியவனாகிறான்.

2023இல் தமிழக அரசு இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. நல்ல காரியம். ஆனால் 'கிக் தொழிலாளர்' என்று அப்படியே தமிழெழுத்தில் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் கிக் என்றால் வேறு அர்த்தம். பெயரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்பு வருகிற பெயரில் ஒருவன் தன் உரிமையைக் கேட்பது எப்படி?

இந்த இடத்தில் வடசென்னையின் இன்னொரு சொல் வரலாற்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1921இல் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், கதவடைப்பு, ஆட்குறைப்பு: தமிழில் நவீனத் தொழில் வாழ்வின் சொற்களில் இவ்வளவு உறுதியாக நின்றவை வேறு உண்டா? இவற்றோடு எந்த அகராதிக் குழுவின் பெயரையும் நாம் சேர்த்து நினைப்பதில்லை. கேட் மீட்டிங்கில் கத்தப்பட்டும், நோட்டீசில் அச்சாகியும், போலீஸ் எஃப்ஐஆரில் ஏறியும் அவை நின்றன. 'ஸ்ட்ரைக்' என்றும் சொன்னார்கள், வேலைநிறுத்தம் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொல்லவில்லை. போராட்டம் இருந்த இடத்தில் சொல் நின்றது. தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் ஆட்குறைப்புக்கு நோட்டீசு, இழப்பீடு என்று முறை வந்ததற்கும், அதற்கென்று ஒரு பெயர் இருந்ததற்கும் தொடர்பு உண்டு. பெயரில்லாத அநீதியை வழக்காக்க முடியாது.

6

இதைச் சொன்னவுடன் தோழர்கள் சிலர், அப்படியானால் மக்கள் பேசுவதே போதும், ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. 'ஐடி பிளாக்' மக்கள் பேசும் சொல்தான். ஆனால் கம்பெனி கொடுத்து மக்கள் பேசுவது. வாயில் புழங்குவதெல்லாம் மக்களுடையது ஆகிவிடாது.

மக்கள் சொல்லைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதிலும் ஆபத்து உண்டு. பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. ஒரே கணினியைப் பலர் முறை வைத்துப் பயன்படுத்தும் நேரப் பகிர்வை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டுரிமை குறிப்பிட்ட சாதியின் குறிப்பிட்ட ஊர்களுக்கே என்பதும் அதே ஏற்பாட்டின் பகுதி. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. எனவே 'பாடு' என்ற சொல்லை எடுக்கும்போது, பங்கீட்டோடு விலக்கலும் கூடவே வரும். அதையும் பாடத்தில் சொல்ல வேண்டும். சொல்லின் அழுக்கைச் சேர்த்தே கற்பிப்பதுதான் விமர்சனக் கல்வி.

பாவ்லோ பிரேயர் பிரேசிலில் எழுத்தறிவு கற்பித்தபோது அகரவரிசையில் தொடங்கவில்லை. கற்பவர்களின் உழைப்பிலிருந்தும் பிரச்சினையிலிருந்தும் சொற்களை எடுத்தார். தமிழ்நாட்டில் 1990களின் அறிவொளி இயக்கப் பாடநூல் 'பட்டா' என்ற சொல்லோடு தொடங்கியது. 'அம்மா'வில் ஆரம்பிக்கவில்லை, 'அறம்' என்பதிலும் ஆரம்பிக்கவில்லை. நிலம் இல்லாதவர் முதலில் எழுதிப் பார்க்க வேண்டிய சொல் எது என்று யோசித்தவர்கள் செய்த தேர்வு அது.

கணினிக்கு அப்படியொரு அறிவொளி இன்னும் நடக்கவில்லை. மடிக்கணினி கொடுத்தார்கள், உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வைத்தார்கள், செயலிகள் வந்தன. முதல் சொல் எது என்று யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் சடையங்குப்பத்துக்கான முதல் பாடம் 'ஓடிபி' என்று இருக்க வேண்டும். அந்த ஆறு எண்களை ஏன் கேட்கிறார்கள், யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் எது கைமாறும். ரேஷன், கேஸ், ஓய்வூதியம், வங்கி எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன. 'ஒருமுறைக் கடவுச்சொல்' என்று தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. அதை 'சாவி' என்று சொல்லிப் பாருங்கள். சாவியை யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று இங்கே யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாவது சொல் 'ஏற்கிறேன்'. படிக்க முடியாத பத்துப் பக்கத்துக்குக் கீழே இருக்கும் பொத்தான். நம் காலத்தில் கைநாட்டு வாங்கும் இடம் அதுதான். மூன்றாவது 'முடக்கம்', அதன் பக்கத்தில் 'பணிநீக்கம்'. இரண்டையும் எழுதச் சொல்லி, வித்தியாசம் என்ன என்று கேட்க வேண்டும்.

இந்த வேலையைப் பல்கலைக்கழகத் துறைகளும் அகராதி இயக்ககமும் மட்டும் செய்துவிட முடியாது. செய்யவும் விடக்கூடாது. எழுத்தாளர்கள், சங்கத்துக்காரர்கள், மாலைப் பள்ளி நடத்துபவர்கள் தங்கள் தங்கள் தெருவில் புழங்கும் சொற்களைக் குறித்துவைக்கத் தொடங்கலாம். எந்தச் சொல்லை யார் யாரிடம் எப்போது சொல்கிறார்கள், சொன்ன பிறகு யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருக்கு என்ன போகிறது என்பதையும் சேர்த்து. அகராதியில் பொருள் மட்டும்தான் இருக்கும்; லாப நட்டக் கணக்கு இருக்காது. அந்தக் கணக்கோடு எழுதப்படும் கலைச்சொல் பட்டியல்தான் நமக்கு இப்போது வேண்டியது. அதில் மையச் செயலகம் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும்.